சப்போட்டாவைச் சுற்றி ஒரு மரத்தளம்

வடவள்ளி, கோவை
9 ஜூன் 2024

அன்புள்ள அம்மணி நித்யஸ்ரீக்கு,

மாமா எழுதுவது. போனில் பேசலாமே என்று நினைப்பாய். காதுக் கருவியும் போனும் சேர்ந்தால் உள்ளே வண்டு பறப்பது போல இருக்கிறது. போன வாரம் நீ பேசியதில் ‘சாப்பிட்டீங்களா’ மட்டும்தான் புரிந்தது. வாட்ஸப்பில் தட்டினால் நான்காவது வரியில் கண் எரிகிறது. காலமெல்லாம் சாக்பீஸ் பிடித்த கை பேனாவுக்குத்தான் கட்டுப்படுகிறது. எனவே இனி நமக்குள் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். மழைச் சேற்றில் பின்வாசல் படிக்குக் கீழே வழுக்கி விழுந்துவிட்டேன். மணிக்கட்டு கொஞ்சம் பிசகியது. இப்போது பரவாயில்லை. பக்கத்து வீட்டு ராமாமணியம்மா காப்பி கொண்டுவந்து, “பொடக்காளி பூரா சிமெண்டப் போட்டு மூடிப்போடுங்க சார், நிம்மதி” என்கிறார். எனக்குக் கொல்லையை மூட மனம் வரவில்லை. நீ இந்த வீட்டுக்கு வந்த புதிதில், முன்வாசலுக்குச் சிமெண்ட் போட நான் ஆள் கூப்பிட்டபோது, “மாமா, அப்பறம் மழைத்தண்ணி எங்க போகுமுங்க?” என்று கேட்டாய். மருமகளாக நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. கொத்தனாருக்கு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம்.

தோட்டம் அமைப்பது உன் தொழில். அதனால் உன்னையே கேட்கிறேன். பின்வாசலிலிருந்து சப்போட்டா மரம் வரை, சேற்றில் கால் வைக்காமல் போய் உட்கார மரத்தில் ஒரு தளம் போட்டால் என்ன? டெக் என்கிறார்களே, அது. எந்த மரம், எப்படிப் போடுவது, மண்ணுக்கும் காட்டுக்கும் கெடுதல் இல்லாமல் எப்படிச் செய்வது என்று எழுது.

கிருபா இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. மகன் போய், மருமகள் வேலைக்கென்று புனே போய், இந்த வீட்டில் இப்போது ஆட்களைவிடக் கதவுகள் அதிகம். பின்கதவைத் திறப்பது துணி காயப்போட மட்டும்தான். அதற்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். அவசரமில்லை. சீக்கிரம் முடிந்தால் நல்லது.

அன்புடன்,
பொங்கியண்ணன்


புனே
22 ஜூன் 2024

மாமாவுக்கு,

முதலில் திட்டிவிடுகிறேன். மணிக்கட்டுக்கு எக்ஸ்ரே எடுத்தார்களா, யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, ஒரு வார்த்தை இல்லை. சிமெண்டைப் பற்றி மட்டும் அரைப் பக்கம்.

மரத்தளம் நல்ல யோசனைதான். ஆனால் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு எதையும் வாங்கிவிடாதீர்கள். எங்கே வெட்டியது என்று காகிதம் காட்டாத மரம் வேண்டாம். கப்பலில் வரும் வெளிநாட்டு மரமும் வேண்டாம். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், அது இங்கே வந்து சேர எரிந்த எண்ணெய் யார் கண்ணுக்கும் தெரியாது. நம் ஊரில் பழைய மில்களை இடிக்கும்போது கூரையிலிருந்து இறக்கிய பர்மா தேக்கு, பழைய மரக்கடைகளில் கிடைக்கும். எப்போதோ வெட்டியாகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டால் நமக்காக இன்னொரு மரம் விழ வேண்டியதில்லை. சப்போட்டாவையும் வெட்டாதீர்கள். அதைச் சுற்றியே போடலாம்.

மூன்று நாற்காலி போட்டு உட்காரும் அளவுக்கு இருக்கட்டும்.

முடிந்ததும் எழுதுங்கள், வருகிறேன். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரில்.

நித்யா


வடவள்ளி
8 ஜூலை 2024

அன்புள்ள அம்மணிக்கு,

எக்ஸ்ரே எடுத்தார்கள். ராமாமணியம்மாதான் ஆட்டோவில் கூட்டிப்போனார். எலும்பு நன்றாக இருக்கிறது. போதுமா?

இந்த வாரம் முழுக்க நான் மரம் பார்க்கும் மாப்பிள்ளை. முதலில் ஒரு பெரிய கடை. “இது மரமே இல்லீங்க சார். கரையான் கடிச்சா அதும்பட பல்லுதான் போகும்” என்று ஒரு பலகையை நீட்டினார் கடைக்காரர். பிளாஸ்டிக்கும் மரத்தூளும் கலந்து வார்த்ததாம். வாசலில் வெயிலில் கிடந்த மாதிரிப் பலகை மேல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தேன். தோசைக்கல்! “பழசானா இத என்னங்க பண்றது?” என்றேன். “பழசே ஆகாதுங்க” என்றார். பழசே ஆகாத ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்க்கப் பயமாகவும் இருக்கிறது. மரமென்றால் மட்கும், பிளாஸ்டிக் என்றால் உருக்கலாம். இரண்டையும் பிசைந்துவிட்டால் யார் பிரிப்பது? சாம்பாரில் கலந்த உப்பைத் திரும்ப எடுப்பது போல.

அடுத்து, ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த கட்டைகள் மலிவாகக் கிடைக்கும் என்று ஒருவர் அழைத்துப்போனார். மருந்தெண்ணெய் ஊறிய கட்டை. தொட்ட கையை எத்தனை சோப்புப் போட்டும் நாற்றம் போகவில்லை. ராமாமணியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, “காத்தாட உக்காரவா சார், இல்ல காச்சல்ல படுக்கவா?” என்றார்.

கடைசியில் நீ சொன்ன பழைய மரக்கடைக்கே போனேன். அங்கே சென்னகேசவன் என்று ஒரு தச்சர். உத்தரத்தை விரல் முட்டியால் தட்டிக் காட்டி, “ஏனுங்க சார், இதும்பட அடியில எத்தன மில்லு சிப்டு போயிருக்குமுங்க?” என்றார். “நம்ம ரெண்டு பேரு வயசையும் கூட்டுனாலும் இதுக்குப் பத்தாதுங்க.” காந்தத்தை வைத்துத் தடவி, உள்ளே ஒளிந்திருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அறுத்ததும் மரத்தில் தேன் நிறம். மில்லின் பஞ்சுத்தூசி மட்டும் வெடிப்புகளில் இருந்தது. சொல்லிவிட்டேன், இதுதான் என்று.

இனி நீ சொல்லவேண்டியதற்கு வருகிறேன். அது என்ன என்று கண்டுபிடித்துவிட்டேன். உன் கம்பெனி கோவையில் கிளை திறக்கப்போகிறது என்று தீபாவளிக்குச் சொன்னாயல்லவா? மாற்றல் வந்துவிட்டது! மூன்றாவது நாற்காலி உன் அப்பாவுக்கு. சரியா? மார்க் போடு. மேல் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியாகிவிட்டது. ஜன்னல் கொக்கியும் புதிது.

மாமா


புனே
24 ஜூலை 2024

மாமாவுக்கு,

மேல் அறைக்கு வெள்ளையடிக்க வேண்டாம். அடித்துவிட்டிருந்தால் இருக்கட்டும், அறைக்கு நல்லதுதான். கோவைக் கிளைத் திட்டத்தைக் கம்பெனி கைவிட்டு வெகுநாளாகிவிட்டது. உங்களிடம் சொல்லாமல் விட்டது என் தவறு. நீங்கள் கொக்கி மாற்றியதைப் படித்தபிறகு அன்றைக்கு வேலை ஓடவில்லை.

சொல்லவேண்டியது வேறு. எழுதித் தெரிவிக்கிற விஷயம் இல்லை அது. நம் பக்கத்தில் இதையெல்லாம் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் சொல்வார்கள். உங்களிடம் அப்படித்தான் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மரத்தைப் பற்றி. குழி தோண்டிக் கான்கிரீட் ஊற்றாதீர்கள். வேலிக்கு நடுவார்களே கல்லுக்கால், உடைந்தது எத்தனையோ தோட்டங்களில் சும்மா கிடக்கும். அதைத் துண்டாக்கி, ஜல்லி போட்டு நட்டு, அதன் மேல் சட்டத்தை உட்காரவையுங்கள். மரம் எங்கேயும் மண்ணைத் தொடக்கூடாது. ஒரு சாண் உயரம் இருந்தால், கரையான் கல் மேல் ஏறினால் கண்ணுக்குத் தெரியும். துடைப்பத்தால் தட்டிவிடலாம், மருந்து வேண்டாம். சட்டங்களின் தலையில் பழைய லாரி டியூபைப் பட்டையாக வெட்டிப் போடச் சொல்லுங்கள், தண்ணீர் சட்டத்துக்குள் இறங்காது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே பென்சில் நுழையும் இடைவெளி. ஆணி வேண்டாம், துருப்பிடிக்காத திருகாணி. ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

இங்கே நாளெல்லாம் அடுத்தவர்களின் தோட்டங்களை வரைகிறேன். எட்டாவது மாடியில் என் பால்கனியில் ஒரு துளசிகூடத் தங்கவில்லை.

எப்போது முடியும்?

நித்யா


வடவள்ளி
20 ஆகஸ்ட் 2024

நித்யாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

ராமாமணியம்மாவின் மகள் பிரத்யுஷா ஆடிப் பதினெட்டுக்குப் புனேயிலிருந்து வந்திருந்தாள். உன்னை ஒரு ஓட்டலில் பார்த்ததாகச் சொன்னாள். நன்றாக இருக்கிறாய், முகம் தெளிந்திருக்கிறது என்றாள். கூட ஒருவர் இருந்தாராம். அவர் சொன்ன எதற்கோ நீ சத்தமாகச் சிரித்தாயாம். ராமாமணியம்மா அவளைக் கண்ணால் அதட்டியதை நான் பார்க்காதது போலக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன். சந்தோஷம்.

கல்லுக்கால் நட்டாகிவிட்டது. ஆனால் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒரு சந்தேகம். சப்போட்டாவைச் சுற்றியே போடச் சொன்னாய், அதற்குப் பலகையில் வட்டமாக இடம் விடவேண்டும். மரம் வருடத்துக்கு எவ்வளவு பருக்கும்? இன்று சரியாக இருக்கிற சட்டை நாளைக்கு இறுக்கும் அல்லவா? இதை நன்றாக யோசித்து எழுது. அவசரப்பட்டு வெட்டிய பலகையைத் திரும்ப ஒட்ட முடியாது.

மேல் அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது.

மாமா


புனே
12 செப்டம்பர் 2024

மாமாவுக்கு,

அது வயதான மரம், இனி மெதுவாகத்தான் பருக்கும். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் விட்டால் பல வருடம் போதும். வட்டமாக அறுக்க வேண்டாம், சதுரமாக விட்டுத் தனிச் சட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். இறுக்கினால் அந்தச் சட்டத்தை மட்டும் கழற்றி நகர்த்தலாம். சென்னகேசவன் அண்ணனுக்குப் படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். வேறு தடை ஒன்றும் இல்லையே?

பிரத்யுஷா வேறு என்ன சொன்னாள்?

ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட்டால் அடுத்த வாரமே டிக்கெட் எடுக்கிறேன்.

நித்யா


வடவள்ளி
9 அக்டோபர் 2024

நித்யாவுக்கு,

படம் கிடைத்தது. தெளிவாக இருக்கிறது.

ஆனால் இன்னும் சில சந்தேகம். பலகைக்கு மேல் என்ன பூசுவது? வார்னிஷ் என்கிறார் ஒருவர். ஆளிவிதை எண்ணெய் என்கிறார் இன்னொருவர். முந்திரி ஓட்டு எண்ணெய் என்கிறார் மூன்றாமவர். ஒன்றுமே பூசாமல் விட்டால் சாம்பல் நிறமாகிவிடும் என்கிறார்கள். ஆகிவிட்டால் தப்பா? அடுத்து, தளத்துக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி இருப்பதால் பாம்பு வந்து படுக்காதா? மலைப்பக்கம் பார், நாம் இருப்பது. பலகை ஒரு மழைக்காலம் முழுக்கக் காற்றில் உலரட்டும், பிறகு பொருத்தலாம் என்றும் ஒரு யோசனை. நீ என்ன நினைக்கிறாய்?

அப்படிப் பார்த்தால் மழை முடிந்து, பொங்கல் முடிந்து, மாசி வாக்கில்தான் தளம் தயாராகும். அதுவரை நீ அலைய வேண்டாம். உனக்கும் வேலை இருக்கும்.

பிரத்யுஷா வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மாமா


புனே
20 நவம்பர் 2024

மாமாவுக்கு,

போன கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. ஆளிவிதை எண்ணெய் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப்போட்டேன். நூறு வருடம் மில் கூரையில் உலர்ந்த மரத்தை ஒரு மழைக்காலம் உலரவிடலாமா என்று கேட்கிறீர்கள். அறிவியல் வாத்தியார் கேட்கிற கேள்வியா மாமா இது?

ராமாமணி அத்தையிடம் நம்பர் வாங்கிச் சென்னகேசவன் அண்ணனுக்குப் போன் செய்தேன். “அத முடிச்சுப்போட்டு எத்தன நாளாச்சுங்க அம்மணி! பொரட்டாசிலயே முடிஞ்சு போச்சுங்க. அத்தன நீட்டா வந்திருக்குதுங்க. சாரு தான் ஒரு நாளுகூட அதுல காலு வெக்க மாட்டீங்கறாரு. பொறக்கதவப் பூட்டிப்போட்டு முன்னால வந்து உக்காந்துக்கறாரு. ஏனுங்க, நான் எதும் தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?” என்றார். 

வாய்ப்பாடு ஒப்பிக்கும் முறை நெருங்கும்போதெல்லாம் சில பிள்ளைகளுக்குத் தண்ணீர் தாகம் எடுக்கும் என்று நீங்கள்தான் சொல்லிச் சிரிப்பீர்கள். வாத்தியாருக்கும் எடுக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனவே எழுதியே சொல்கிறேன். அவர் பெயர் சசிதர். என்னோடு வேலை செய்கிறார். சோமனூர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், தறி ஓட்டுகிற குடும்பம். தை மாதம் கோவையில் பதிவுத் திருமணம். அவர் அம்மா முதலில் அழுது, இப்போது ஒத்துக்கொண்டார். என் அப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது நாற்காலி சசிதருக்காகத்தான் கேட்டேன். இரண்டு பேருமாக வந்து, உங்களை முதலில் அழைத்துவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போவது என்று முடிவு செய்திருந்தோம்.

எனக்குக் கோபம் எதில் தெரியுமா? ‘போகாதே கண்ணு’ என்று நீங்கள் ஒரு முறை எழுதியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். நீங்களும் போட்டிருப்பீர்கள். அழுது, சமாதானமாகியிருப்போம். நீங்கள் பாம்பு வருமா என்று கேட்டீர்கள். நானும் மரியாதையாகப் படம் வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தேன். ‘உள்ளே வா’ என்று நீங்கள் சொல்லவில்லை, ‘வரலாமா’ என்று நான் கேட்கவில்லை. இத்தனை மரியாதையை வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் என்ன செய்யப்போகிறோம்?

கிருபா பல் துலக்கும்போது பாடுவது இந்த உலகத்தில் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சசிதரிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டார், நல்ல மனிதர், சிரிக்கவும் செய்தார். ஆனால் அவர் அந்தப் பாட்டைக் கேட்டதில்லையே. உங்களையும் இழந்துவிட்டால் அதைப் பற்றிப் பேச எனக்கு ஆளே கிடையாது. பல நாள் ராத்திரி இந்தப் பயத்தில்தான் தூக்கம் போகிறது.

இனிமேல் உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவாய் என்று அம்மா கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

மார்கழி பிறந்துவிட்டால் அழைக்க வர முடியாது. அதற்குள் நாங்கள் வரலாமா, கூடாதா? ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். மரத்தைப் பற்றி எதுவும் வேண்டாம்.

நித்யா


வடவள்ளி
29 நவம்பர் 2024

அம்மணி,

வா.

கேட்ட ஒரு வார்த்தையை எழுதிவிட்டேன். அதோடு நிறுத்தத் தெரிந்திருந்தால் நான் எதற்கு வாத்தியாராகப் போகிறேன்?

உன் கடிதத்தை முன்னறையில் படித்து முடித்தேன். பிறகு பின்கதவைத் திறந்தேன். பூட்டு மழையில் இறுகியிருந்தது. ராமாமணியம்மா மதிலுக்கு அந்தப்பக்கம் நின்று, “தொறந்துட்டீங்களா சார், நல்லதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், நான்தான் ஒளித்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன்.

செருப்பில்லாமல் போய் உட்கார்ந்தேன். பலகை சூடுமில்லை, சில்லென்றும் இல்லை. வௌவால் கடித்துப் போட்ட சப்போட்டாக்கள் கிடந்தன. மழை வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் ஒரு சொட்டு தேங்காமல் கீழே மண்ணுக்குப் போய்ச் சேருகிற சத்தம் கருவி இல்லாமலே கேட்டது, அல்லது கேட்டது போல இருந்தது. நல்ல வேலை. சென்னகேசவனைக் கூப்பிட்டு அவர் மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை. “பொறவு ஏனுங்க சார் அத்தன நாளு மொறச்சுக்கிட்டு இருந்தீங்க?” என்றார்.

ஏன் என்று உனக்கும் சொல்ல வேண்டும். தளம் முடிந்தால் நீ வருவாய். வந்தால் சொல்வாய். சொல்லிவிட்டால் போய்விடுவாய். முடியாமலே இருந்தால் நீ வரவேண்டியவளாகவே இருப்பாய். தனியாக இருக்கிற மனிதனுக்கு இப்படிக் கணக்குப் போடத்தான் வருகிறது. ஒருவர் வருவார் என்று வீட்டில் இருப்பது வேறு, வந்து போய்விட்டார் என்று இருப்பது வேறு. முதலாவதை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். உன் கல்யாணத்தை நான் வேண்டாமென்று நினைக்கவில்லை. வேண்டுமென்று நினைக்கவும் எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. இரண்டும் உண்மை.

வருகிறவரிடம் சில விஷயம் சொல்லிவை. முன்னறையில் கிருபாவின் படம் இருக்கிறது. எடுத்துவைக்கலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். எடுக்கப்போவதில்லை. அவர் பார்த்துக்கொள்ளட்டும். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும், காரம் ஆகுமா என்று கேட்டு எழுது. என் காது மந்தம், சத்தமாகப் பேசினால் கோபிக்கமாட்டேன். அவர் சொல்லி நீ அத்தனை சத்தமாகச் சிரித்த அந்த விஷயம் என்னவென்று எனக்கும் சொல்லவேண்டும்.

கல்யாணத்துக்கு வருவேனா என்று இப்போது கேட்காதே. அங்கே என்னை எந்தப் பக்கத்தில் உட்காரவைப்பது என்று இரண்டு வீட்டாருக்கும் சங்கடமாக இருக்கும். எனக்கும் இருக்கும். அழைப்பது உன் வேலை, நீ செய். மற்றதை நான் யோசிக்கிறேன். அந்தப் பாட்டைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் எந்த வருடமானாலும் வா. உன் கல்யாணத்தால் அந்தப் பேச்சு நின்றுவிடாது. அவன் சுருதி சேராமல்தான் பாடுவான், அதையும் அவரிடம் சொல்லியிருக்கிறாயா?

உன் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. சசிதரின் அப்பா இருக்கிறார், இனி அவர்தான் உனக்கு மாமா. ஊர் அப்படித்தான் சொல்லும், சொல்லட்டும். எனக்குத் தெரிந்து ஒரு மாமா இருந்தால் இன்னொருவர் இருக்கக்கூடாது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. நான் நடத்தியதும் இல்லை.

பத்திரிகை கொண்டுவரும்போது உறைமேல் பெயரெல்லாம் போட்டுக்கொண்டிருக்காதே. ‘மாமா’ என்று மட்டும் எழுது. நீயே கொண்டுவந்து கையில் தரப்போகிற உறைக்கு விலாசம் எதற்கு?

மாமா